அடிமைத்தளை அறுக்க உழைத்த நியாயவாதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமைத்தளையை அறுத்தவர் யார் என வினவினால், ஆபிரகாம் லிங்கன் என்றே நாம் விடையளிப்போம். அது தவறன்று. ஆயினும் அப்பணியிற் சலியாது உழைத்த தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்னும் பெரியாரை நம்மிற் பலர் அறியோம்.

ஸ்டீவன்ஸ் 1792ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 4ஆந் திகதி வெர்மொண்ட் மாநிலத்தில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். பிறவியிலேயே கால் ஊனம். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டு அகன்றார். தாயாரே பாடுபட்டு மைந்தர் நால்வரையும் வளர்த்தார். டார்ட்மத் கல்லூரியிற் கற்றுத் தேறிய ஸ்டீவன்ஸ், 1816இல் பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் நகரில் நியாயவாதியாகத் தொழில் தொடங்கினார்.

1821இல் அவர் ஒரு வழக்கில் வென்றார். சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப்பெண், பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கியமையாற் சட்டப்படி தனக்கு விடுதலை உண்டென வழக்காடினாள். எசமானின் பக்கம் நின்ற ஸ்டீவன்ஸ், அவள் அங்கு தொடர்ந்து தங்கவில்லை என வாதித்தார். மன்றம் அதனை ஏற்றது. அப்பெண்ணும் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளாயினர்.

அதன்பின் அவர் சென்ற வழி வேறு. தப்பிவந்த அடிமைகளுக்காகப் பலமுறை மன்றேறினார். 1835இல் இலவசப் பாடசாலைச் சட்டத்தை மாநிலச் சட்டசபையில் தம் பேச்சுவன்மையாற் காத்தார். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதிற் கையொப்பமிட மறுத்தார்.

உள்நாட்டுப் போர்க்காலத்திற் பிரதிநிதிகள் சபையின் நிதிக்குழுத் தலைவராய் இருந்தார். 1863இல் எதிரிப்படை அவரது இரும்பாலையை எரித்தது. அவர் கொள்கை தளரவில்லை. 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தத்துக்கும், 1868இல் நிறைவேறிய, சட்டத்தின் முன் யாவர்க்கும் சமபாதுகாப்பளிக்கும் 14ஆவது திருத்தத்துக்கும் சபையில் முன்னின்று உழைத்தார். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்களுக்குத் தலைக்கு 40 ஏக்கர் நிலம் வழங்க வேண்டுமென்ற அவர் திட்டமோ நிறைவேறவில்லை.

14ஆவது திருத்தம் உறுதியாகி ஒரு மாதத்தின் பின், 1868 ஆகஸ்ட் 11ஆந் திகதி ஸ்டீவன்ஸ் காலமானார். கறுப்பினத்தவரை விலக்கிய மயானங்களை வெறுத்து, எவ்வினத்தவரையும் ஏற்ற லங்காஸ்டர் நகரின் சிறு மயானமொன்றையே அவர் தமக்கெனத் தெரிந்துகொண்டார்.

இவ்வளவும் சாரிட்டி பட்லருக்கு விடுதலையை மீட்டுக் கொடுக்கவில்லை. இதனை நாம் மறைத்தல் தகாது. செய்த பிழையை மாற்ற இயலாதபோதும் மனிதன் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நாளை நியாயமன்றங்களிலும் சபைகளிலும் அமரப்போகும் இளைஞராகிய நாம், வெற்றி வேறு நீதி வேறு என்பதை இன்றே உணர்வோமாக.