ஜெய்பால் சிங் முண்டா: ஒலிம்பிக் கேப்டன் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டது ஏன்?

பேச்சிப்பாறை மலையில் இருந்து காலேஜ் அட்மிஷனுக்கு வரும் காணிக்காரர் வீட்டுப் பிள்ளை, விண்ணப்பத்தில் எஸ்.டி. என்ற கட்டத்தில் டிக் அடிக்கும். ஒரு நொடி வேலைதான். ஆனா அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது, யாரெல்லாம் அதற்குள் வருவார்கள் என்று அரசியல் நிர்ணய சபையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதில் விடாமல் மல்லுக்கு நின்றவர் ஜெய்பால் சிங் முண்டா.

யார் இவர்?

1903-ல் இன்றைய ஜார்க்கண்டின் குந்தி பக்கம் உள்ள டக்ரா கிராமத்தில், முண்டா பழங்குடியில் பிறந்தவர். ராஞ்சி மிஷன் பள்ளியின் ஆங்கிலேய முதல்வர், பையனின் திறமையைப் பார்த்து இங்கிலாந்துக்கே கூட்டிப் போய்விட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு, கூடவே ஹாக்கி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன், தயான் சந்த் ஆடிய அதே அணி. எதிரணிகளை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் அணிக்குள் வந்த மனக்கசப்பில், இறுதிப் போட்டிக்கு முன்பே ஜெய்பால் விலகிவிட்டார். ஒலிம்பிக் ஆட லீவு கிடைக்காமலே போனதால் ஐ.சி.எஸ். வேலையும் கை நழுவியது.

பிறகு ஆப்பிரிக்காவில் வாத்தியார் வேலை, பிகானிர் சமஸ்தானத்தில் பதவி. அப்படியே செட்டில் ஆகியிருக்கலாம். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார்.

சபையில் என்ன பேசினார்?

1946 டிசம்பர் 19. நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது விவாதம். கோட் சூட் போட்ட ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் எழுந்து, தன்னை ஒரு ஜங்லி என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடம் இருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். நம்ம ஊர் காணிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மூட்டுக்காணி தலைமையில் குடியிருப்பே கூடி வழக்கைத் தீர்த்துக்கொண்ட வழக்கம் அங்கே உண்டு.

அடுத்த சண்டை பெயருக்காக. இந்தி மொழிபெயர்ப்பில் காட்டு ஜாதி என்ற பொருளில் வந்த சொல்லை அவர் ஏற்கவில்லை. ஆதி காலத்தில் இருந்து இருப்பவர்கள் என்பதால் ஆதிவாசி என்றே எழுதச் சொன்னார். அது பொதுவான சொல், சட்டத்துக்கு வரையறுத்த பட்டியல் தேவை என்பது அம்பேத்கரின் நிலை. கடைசியில் ஜெய்பால் கேட்ட சொல் அரசியலமைப்பில் வரவில்லை.

வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு கொலம்பஸ் தப்பாக வைத்த இந்தியர் என்ற பெயர் 500 வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா அவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்ததே 1924-ல்தான். அரிசோனா, நியூ மெக்ஸிகோ மாநிலங்களில் ஓட்டுரிமைத் தடை உடைந்தது 1948-ல். அதாவது, ஜெய்பால் டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

மதுவிலக்கிலும் அவர் தனி ரூட். அரிசி பீர் தம் மக்களின் வழிபாட்டோடு சேர்ந்தது, அதைத் தடுக்கக் கூடாது என்றார். காந்தியவாதிகள் நிறைந்த சபையில் இதைச் சொல்ல நிஜமாகவே தைரியம் வேணும்!

குமரிக்கு என்ன சம்பந்தம்?

பழங்குடிப் பகுதிகளுக்கான 5-வது அட்டவணையில், பழங்குடி ஆலோசனைக் குழுவின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது ஜெய்பாலின் புகார். தமிழ்நாட்டில் அந்த அட்டவணைப் பகுதியே கிடையாது, குமரி மலைகளும் அதில் இல்லை. எஸ்.டி. பட்டியலிலும் காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்தில் இட எல்லை இருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை தாலுகா. இரண்டுமே பழைய திருவிதாங்கூர் நிலம். அதே மலைத்தொடரின் மறுபக்கம், பாபநாசம் பக்கத்துக் காணிகள் வாழும் அம்பாசமுத்திரம் தாலுகா ரொம்பப் பின்னாடிதான் சேர்ந்தது. சாற்றுப்பாட்டும் கொக்கரையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கடைசி காலம்

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பிகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்தது. தனி மாநிலம் மட்டும் கிடைக்கவில்லை. 1963-ல் கட்சியை காங்கிரஸோடு இணைத்தார். அவரது ஆதரவாளர்களே பலர் மன்னிக்காத முடிவு அது. 1970 மார்ச் 20-ல் டெல்லியில் இறந்தார்.

ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ல்.