எழுத்துக்குச் சுழி போட்ட முனிவர்

"எரி" என்றால் நெருப்பு. "ஏரி" என்றால் தண்ணீர். இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு காலத்தில் தமிழர்கள் அப்படித்தான் எழுதி வந்தார்கள்!

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி சொன்னவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலியில் பிறந்தவர்

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில், 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. ஏசு சபையில் சேர்ந்து குருவானார். 1710-ல் கப்பலில் கோவா வந்து இறங்கினார். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்.

திருவேங்கடத்துக்காரர்கள் சந்தைக்கும் கடைக்கும் பஸ் ஏறிப் போகும் ஊர் கோவில்பட்டி. அதன் பக்கத்தில் இருக்கிறது காமநாயக்கன்பட்டி. அந்தக் கரிசல் காட்டு ஊரில் அவர் தங்கித் தொண்டு செய்தார்.

மதம் பரப்ப வந்தவரைத் தமிழ் பிடித்துக்கொண்டது. புலவர்களிடம் பாடம் கேட்டார். ஏட்டுச் சுவடிகளைப் புரட்டினார். அப்போதுதான் ஒரு சிக்கல் அவர் கண்ணில் பட்டது.

புள்ளி எங்கே?

பழைய இலக்கணப்படி, எ, ஒ என்ற குறில் எழுத்துக்களுக்குப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். விதி தெளிவானதுதான். ஆனால் எழுதுவது பனை ஓலையில். எழுதும் கருவி இரும்பு எழுத்தாணி. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். ஆகவே எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள்.

புள்ளி போனதும் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன. கொடியா, கோடியா? கொல்லா, கோலா? பெறுவா, பேறா? முன்னும் பின்னும் படித்து, ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். படித்த புலவருக்கு இது சிரமம் இல்லை. புதிதாகப் படிக்கிறவன் என்ன செய்வான்?

சுழி பிறந்தது

வீரமாமுனிவர் விதியைத் திருப்பிப் போட்டார். குறிலுக்கு அடையாளம் வேண்டாம். நெடிலுக்கு அடையாளம் போடுங்கள் என்றார். ஒற்றைக் கொம்பு இருந்தால் "கெ". அந்தக் கொம்பின் தலையில் ஒரு சுழி சுழித்தால் "கே". "கொ"வும் "கோ"வும் அப்படியே. சுழியை ஓலை கிழியாமல் இழுத்துவிடலாம்.

யோசனை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. நூலிலும் எழுதி வைத்தார். வெளிநாட்டிலிருந்து வரும் குருமார் பேச்சுத் தமிழ் கற்பதற்காக, லத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழ் மாணவர்களுக்காகத் "தொன்னூல் விளக்கம்" எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தும் அதில் உண்டு.

1732-ல் "சதுரகராதி" தந்தார். முன்பெல்லாம் ஒரு சொல்லுக்குப் பொருள் தேட, நிகண்டுப் பாட்டுக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். இவரோ சொற்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டார். எழுத்துத் தெரிந்தால் போதும். சொல்லைத் தேடி எடுத்துவிடலாம்!

மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் பாடல்கள் கொண்ட "தேம்பாவணி" அவர் பாடியதுதான். மட்டி, மடையன் முதலிய சீடர்கள் அடிக்கும் கூத்தைச் சொல்லிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் "பரமார்த்த குரு கதை"யும் அவர் எழுதியதுதான்.

மறையாத அடையாளம்

வாழ்க்கை சுகமாக இருக்கவில்லை. எதிர்ப்பு இருந்தது, ஒரு சமயம் உயிருக்கே ஆபத்து வந்து தப்பினார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1747-ல் காலமானார்.

அவர் சொன்ன சுழி உடனே ஊரெங்கும் பரவிவிடவில்லை. அச்சுப் புத்தகங்கள் பெருகிய பிறகுதான் அது நிலைத்தது. 1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சிலையைப் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. திருவேங்கடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை, கொம்பு போட்டு, அதன் தலையில் சுழித்து, "கேணி" என்று எழுதுகிறதே, அந்தச் சுழியில் இருக்கிறார் வீரமாமுனிவர்!