பௌதிகத்தை விட்டுக் கணிதத்துக்கு வந்த ஹரிஷ்-சந்திரா

சென்ற வருஷம் என் பேத்தி, பௌதிகத்தை விட்டுவிட்டுக் கணிதம் படிக்கப் போவதாகச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் தடுத்தோம். கான்பூரில் முப்பது வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்த நான்தான் அதிகம் தடுத்தேன். பிறகு ஒருநாள், அதே கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திராவின் சரித்திரம் நினைவுக்கு வந்து என்னை வெட்கப்பட வைத்தது.

1923 அக்டோபர் 11-ல் பிறந்தவர். சிறு வயதில் அடிக்கடி உடம்பு படுத்தும். அலகாபாத் பல்கலைக்கழக நூலகத்தில் டிராக் எழுதிய குவாண்டம் நூலைப் படித்ததும் பௌதிகமே கதி என்று ஆனார். அங்கே அவருக்கு ஆசான் வத்திராயிருப்பில் பிறந்த நம் கே.எஸ். கிருஷ்ணன். எம்.எஸ்ஸி. விடைத்தாளைத் திருத்திய சர் சி.வி. ராமன் நூற்றுக்கு நூறு போட்டார். 1943-ல் பெங்களூரில் ஹோமி பாபாவிடமும், 1945-ல் கேம்பிரிட்ஜில் டிராக்கிடமும் சேர்ந்தார். 1947-ல் டாக்டர் பட்டம்.

டிராக்கின் உதவியாளராகப் பிரின்ஸ்டன் சென்றபோதுதான் திருப்பம். நிரூபணம் முழுமையாக இல்லையே என்று அவர் தவித்தபோது, இயற்கை என்ன செய்கிறது என்பதே தமக்கு முக்கியம் என்றார் டிராக். அந்த உள்ளுணர்வு தமக்கு இல்லை என்று உணர்ந்த ஹரிஷ்-சந்திரா, தயங்காமல் கணிதத்துக்கு மாறினார்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் என்ன? ஓர் உருண்டையை எவ்வளவு திருப்பினாலும் அது அதே உருண்டைதான். இப்படித் தொடர்ச்சியாக மாறும் சமச்சீர்மைகளின் தொகுதிக்கு லீ குலம் என்று பெயர். ஒவ்வொரு திருப்பத்தையும் ஓர் அணியாக எழுதிப் பார்த்தால், குலத்தின் உள் அமைப்பு வெளிப்படும். உருண்டைக்கு அளவான அணிகள் போதும். சார்பியலில் வரும் லாரன்ஸ் குலத்துக்கோ முடிவிலாப் பரிமாணங்கள் தேவை. இந்தக் காட்டில் பாதை போட்டவர் அவர். 1965, 66-ல் வெளியிட்ட கட்டுரைகளில், அடிப்படையான ஒரு வகை எந்தக் குலங்களுக்கு உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதைத் தீர்த்து வைத்தார்.

கொலம்பியாவில் 13 வருஷம். 1963 முதல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையம். 1973-ல் ராயல் சொசைட்டி, 1977-ல் பத்மபூஷண். ஆனால் ஓயாத உழைப்பு, 1969-லேயே மாரடைப்பு. 1983 அக்டோபர் 16-ல், அறுபது நிறைந்த ஐந்தாம் நாள், மாரடைப்பால் காலமானார். அவருடைய ஆய்வுகளை நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தவர் வி.எஸ். வரதராஜன். அலகாபாத் அருகே ஜூஸியில் அவர் பெயரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அன்பர்களே, பிள்ளைகளுக்கு எதில் மனம் ஒட்டுகிறது என்பது நமக்கு முன்னால் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் நாம் சொன்னால் போதும். பேத்தியின் விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.