ஜெயில் கைதிக்காக வாதித்த நீதிபதி ஸையித் மஹ்மூத்

சைக்கிள் திருடியதாக ஒரு வாலிபனைப் பிடித்து, ஸ்ரீமுஷ்ணத்தில் விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்துக் கொண்டிருந்தார்கள். தடுக்கப் போன என்னிடம், கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு என்ன விசாரணை வேண்டியிருக்கிறது ஹஜ்ரத் என்று ஒரு பெரியவர் கேட்டார். நின்று பதில் சொல்ல அப்போது நேரமில்லை. அவருக்கான பதிலை ஒரு நீதிபதியின் வரலாற்றைக் கொண்டே சொல்லலாம்.

அலிகார் கல்லூரியை நிறுவிய சர் ஸையித் அஹ்மத் கானை அறியாதவர் இரார். அன்னாரின் புதல்வரே ஸையித் மஹ்மூத். 1850ல் டில்லியில் பிறந்தார். 1869ல் தந்தையாருடன் கப்பலேறி இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பினார். 1887ல் அலஹாபாத் ஹைகோர்ட்டின் நிரந்தர நீதிபதியானார். ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பதவியை அடைந்த முதல் முஸ்லிம் அவரே.

1891ல் போஹ்பி என்பவரும் வேறு சிலரும் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரு கேள்வி எழுந்தது. அப்பீல் செய்த கைதிக்கு விசாரணைத் தேதியை அறிவித்து, அவனோ அவனுடைய வக்கீலோ ஆஜரானால் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பூட்டிய அறைக்குள் இருப்பவன் எப்படி ஆஜராவான்? ஏழைக்கு வக்கீல் வைக்கப் பணம் ஏது? அறிவிப்புக் கொடுத்தால் போதும், காகிதங்களைப் படித்துப் பார்த்தே பைசல் செய்யலாம் என்றனர் மற்ற நீதிபதிகள். மஹ்மூத் மட்டும் தனித்து நின்று மறுத்தார். காகிதத்தைப் படிப்பது வேறு, மனிதனைக் கேட்பது வேறு என்பது அவர் நிலை. கைதியைப் பூட்டி வைத்திருப்பதும் அரசாங்கம், வரவில்லை என்று அவனைக் கைவிடுவதும் அரசாங்கம் என்றால், அந்தத் தண்டனைக்கு நியாயம் எங்கிருந்து வரும்?

நம் மார்க்கத்தில் இது புதிதன்று. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, எதிர்த்தரப்பின் சொல்லையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களையும் பலமுறை முகம் திருப்பி அனுப்பி, புத்தி சுவாதீனத்தைக்கூட விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டவர் விஷயத்திலேயே இவ்வளவு பேணுதல் என்றால், வாயே திறக்காதவன் விஷயத்தில் எவ்வளவு வேண்டும்!

மஹ்மூதிடம் குறைகள் இல்லாமலில்லை. மதுப்பழக்கம் உண்டு, தீர்ப்புகளைத் தாமதிக்கிறார் என்ற புகார்கள் எழுந்தன. தலைமை நீதிபதியோடும் ஒத்துப் போகவில்லை. 1893ல் பதவி விலகினார். 1903ல் மறைந்தார். நம் அரசியல் சட்டத்தில் இலவச சட்ட உதவி ஒரு கொள்கையாக இடம்பெற்றது 1976ல்தான். ஏழைக் கைதி அப்பீல் செய்ய அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1978ல் தீர்ப்பளித்தது. அவர் தனித்து நின்று ஏறக்குறைய தொண்ணூறு வருடங்கள்!

கம்பத்தில் கட்டியிருந்த வாலிபனை அவிழ்த்து, ஸ்டேஷனுக்கு அனுப்பி வைத்தோம். அந்த சைக்கிள் எப்படி உன் கைக்கு வந்தது என்று அதுவரை யாரும் அவனைக் கேட்டிருக்கவில்லை.