சிறு பழுதையும் நாடிய பெரியார்

பாப்பாமோட்டைச் சாலையோரத்தில் பஸ் வண்டிக்காகக் காத்து நின்றறியாத மாணவர் நம் பக்கத்தில் அரியர். வருமோ வாராதோ என்னும் ஏக்கத்தை நன்கறிந்த நாம், காலந் தவறாமையையே தம் தொழிலுக்கு அணியாகக் கொண்ட தமிழகப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டு நோக்குதல் தகும். அவரே டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

நெல்லைச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்த இவர், வழக்கறிஞராகத் தொடங்கி, இருப்புப்பாதைத் துறையிலும் வங்கியிலும் பணியாற்றினார். பின்னர் நிலையான ஊதியத்தைத் துறந்து, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் வண்டி ஓட்டலானார். மாட்டுவண்டியே பெருவழக்காயிருந்த அந்நாளில் இஃது எளிய துணிவன்று.

இவர் வண்டிகள் செல்லும் நேரங்கண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்பர். இப்பெருமை தானே வந்ததன்று. வழியில் ரயர் வெடித்தால் நேரம் பிழைக்கும். அதற்காகச் சாரதியை வைதல் எவர்க்கும் எளிது. வைதலால் அடுத்த ரயர் வெடியாது நிற்குமோ? மாடுகளின் இலாடங்களினின்று கழன்று வீழ்ந்த ஆணிகளே ரயர்களைத் துளைத்தன. ஆதலின், காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி அவ்வாணிகளை வாரச் செய்தார் என்பது இன்றும் வழங்கும் செய்தி. இரண்டாம் உலகப் போரிற் பெற்றோல் அருகியபோதும் அவர் சோர்ந்திலர். கரியினின்று வாயு பிறப்பித்து வண்டியை இயக்கும் கருவியைச் செய்வித்தார்.

தொழில் நடக்கும் இடத்தில் நின்று பார்த்தல், பழுதின் மூலத்தைக் களைதல், நாடோறும் சிறிது திருத்துதல் என்னும் இம்முறையை யப்பானியர் கைசென் என்பர். அப்பெயர் உலகிற் பரவுமுன்னரே, 1955இல், ஐயங்கார் மறைந்தார். எனினும் வித்து வீண்போகவில்லை. அவர் வழியினர் 1962இல் நிறுவிய சுந்தரம்-கிளேற்றன் நிறுவனத்தின் தடுப்புக் கருவிப் பிரிவு, 1998இல், தரத்துக்கு யப்பான் வழங்கும் டெமிங் பரிசினை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது.

மாணவர்காள்! விடைத்தாளிற் பிழை கண்டவிடத்து விதியை நோவாதீர். அப்பிழை பிறந்த இடத்தைத் தேடுமின். ஆசிரியராகிய நாமும், கல்லாத மாணவனைக் கடியுமுன், கற்பித்த முறையில் ஆணி யாதேனும் கிடக்கின்றதோ என ஆராய்வோமாக. கல்லூரியை வளர்த்த பழைய மாணவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.