ஸ்பீக்கர் போனில் எக்கோ வராதது ஏன்? யார் இந்த ஜான் கெல்லி?

ஆபீஸ் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினாலும் இப்போ குரல் வெட்டுவதில்லை. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் கெல்லி.

1923-ல் டெக்சாஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படை விமானி. 1953-ல் டாக்டர் பட்டம், பிறகு பெல் ஆய்வகத்தில் வேலை. பந்தயத்தில் எவ்வளவு பணம் வைக்கலாம் என்று 1956-ல் இவர் சொன்ன ஃபார்முலாவை முதலீட்டாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அப்போது நெடுந்தூர அழைப்புகளில் எக்கோ பெரிய தலைவலி. அதைத் தடுக்க, ஒருவர் பேசும்போது எதிர்ப்பக்கக் குரலை அடக்கிவிடுவார்கள். குறுக்கே பேசினால் வார்த்தை காணாமல் போகும்.

கெல்லியும் சக ஆய்வாளர் லோகனும் வேறு வழி கண்டார்கள். எக்கோ எப்படித் திரும்பி வரும் என்று கருவியே கணித்து, அதை மட்டும் கழித்துவிடும். நிலைமை மாறினால் கணக்கும் தானாக மாறும்.

ஆனால், 1965-ல் 41 வயதிலேயே ஸ்ட்ரோக் வந்து கெல்லி இறந்துபோனார். இந்தக் கண்டுபிடிப்புக்கு இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது 1970-ல்தான். அதன் எண் 35,00,000. அதே அடிப்படைதான் பின்னாளில் ஸ்பீக்கர் போனுக்குள்ளும் வந்தது. அதை கேட்க அவர்தான் இல்லை.