தாய்மண்ணுக்குக் கணக்கெழுதியவர் – ஜே. சி. குமரப்பா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

முன்னுரை

சுற்றுச்சூழல் என்ற சொல் இன்று ஒலிக்காத மேடை இல்லை. ஆண்டுதோறும் ஜூன் 5 ஆம் நாள் கல்லூரி வளாகத்தில் மரக்கன்று நடுகிறோம்; உறுதிமொழி எடுக்கிறோம்; மறுநாள் மறந்து விடுகிறோம். மனிதச் சூழலைக் காப்பதற்காக ஐக்கிய நாடுகள் அவை ஸ்டாக்ஹோம் நகரில் மாநாடு கூட்டியது 1972 ஆம் ஆண்டில். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, இயற்கையின் கையிருப்பைச் சுரண்டி வாழும் வாழ்வு நிலைக்காது என்று எழுதி வைத்தவர் ஒரு தமிழர். எழுதியதோடு நில்லாமல், உண்ணும் அரிசி முதல் எரியும் விளக்கு வரை அதன்படி மாற்றிக் காட்டியவர். அவர்தாம் ஜே. சி. குமரப்பா. பெயரைக் கேட்டவர்கள்கூட அவரது வாழ்வை அறிந்திருப்பது அரிது. அவ்வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் படிப்பும்

தஞ்சையில் 1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது அவருக்கு இட்ட பெயர். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். வசதியான குடும்பம், கண்டிப்பான வளர்ப்பு. இளைஞர் செல்லதுரை லண்டன் சென்று கணக்குத் தணிக்கைக் கல்வி பயின்றார். நாடு திரும்பிய பின் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். உடை ஐரோப்பிய உடை. பழக்கங்களும் ஐரோப்பியப் பழக்கங்கள். கை நிறைய வருமானம்.

1927 இல் அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துப் பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அங்கேதான் அவரது வாழ்க்கை திரும்பியது. இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய ஓர் உரை நாளிதழில் வெளியாயிற்று. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். கணக்கர் அல்லவா? பிரிட்டிஷ் அரசின் வரவு செலவை வரி வரியாகப் புரட்டினார். வரி கொடுப்பவன் உழவன்; செலவாவதோ படைக்கும் அதிகாரிகளுக்கும். இந்த உண்மையை அவருக்கு எந்த அரசியல்வாதியும் சொல்லவில்லை, எண்கள் சொல்லின. அயல்நாட்டு நாகரிகத்தில் ஊறியிருந்த அவரைத் தேசியவாதியாக்கியது அந்தக் கணக்குப் புத்தகமே என்றால் மிகையாகாது. பின்னர் கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றுக்கொண்டார்.

சாபர்மதியில் ஒரு சந்திப்பு

1929 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், தம் ஆய்வேட்டைக் காந்தியடிகளிடம் காட்டி வெளியிட வேண்டும் என்ற எண்ணத்தோடு சாபர்மதி ஆசிரமம் சென்றார். பட்டு உடையும் கைத்தடியுமாக நடந்து வந்தவர், சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கண்டார். இராட்டை சுழல்வதை இவர் பார்த்துக்கொண்டே நின்றார். சற்று நேரத்தில் அம்முதியவரே தலை நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அவர்தாம் காந்தியடிகள் என்று உணர்ந்ததும், விலையுயர்ந்த உடை அழுக்காகுமே என்றும் பாராமல் குமரப்பா தரையில் அமர்ந்தார்.

அந்த ஆய்வேடு காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. குமரப்பா குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியரானார். 1929-30 இல் அங்குள்ள மாணவர்களை அழைத்துக்கொண்டு, கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று உழவர் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். வகுப்பறைப் பொருளாதாரம் வயல் வரப்பில் நடந்த காலம் அது. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியா இதழின் பொறுப்பை ஏற்று எழுதினார், சிறை சென்றார்.

காசுக்குக் கண்டிப்பு

1934 ஜனவரி 15 இல் பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்கு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் தந்த காசில் ஒரு தம்பிடியும் வீணாகக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. தொண்டர்களின் அன்றாடச் செலவுக்குக் கடும் வரம்பு வைத்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பாட்னா வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத மறுத்து விட்டார். காந்தியடிகள் சினம் கொள்ளவில்லை. பிறர் பொருளை இப்படிக் காப்பவரிடம் பெரும் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கையே அவருக்கு வளர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் அவ்வாண்டு டிசம்பரில் அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது, அதன் செயலாளர் ஆனவர் குமரப்பாவே.

மகன்வாடியின் சோதனைகள்

சங்கத்தின் தலைமையிடம் வார்தா நகரில் அமைந்தது. சாபர்மதி ஆசிரமத்தைக் கட்டிக் காத்த மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. அறிவியல் மாணவர்களாகிய நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அது பழம்பெருமை பேசும் மடமாக இல்லை. ஒரு சோதனைச் சாலையாகவே இயங்கியது.

முதலில் அரிசி. ஆலையில் தீட்டிய வெள்ளரிசியில் தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அச்சத்துக் குறைந்தால் வருவது பெரிபெரி நோய். ஆகவே கைக்குத்தலரிசியைப் பரப்பினார்கள். குத்தும் பெண்ணுக்குக் கூலி, உண்பவனுக்கு உடல்நலம்.

அடுத்து எண்ணெய். ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் மனிதனுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டின் சாணம் நிலத்துக்கு. எதுவும் ஊரை விட்டு வெளியேறுவதில்லை. இன்று நாம் சுழற்சி என்று பாடம் படிப்பது இதைத்தானே?

சர்க்கரைக்கும் ஒரு வழி கண்டார்கள். நன்செய் நிலத்தையும் பாசன நீரையும் கரும்பு விழுங்குகிறது. பனையோ வானம் பார்த்த பூமியில் தானாக நிற்பது. பனைவெல்லம் காய்ச்சினால் நல்ல நிலம் நெல்லுக்கும் பருப்புக்கும் மிஞ்சும். பனையை மாநில மரமாகக் கொண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆயினும் பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பியவர்களும் நாமே.

கந்தையும் கழிவுத்தாளும் கையால் செய்யும் காகிதமாயின. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு உருவாயிற்று. புகையை வெளியேற்றும் மகன் சுல்லா என்னும் அடுப்பு உருவாயிற்று. குப்பையையும் மனிதக் கழிவையும் முறைப்படி மக்கச் செய்து எருவாக்கும் வேலையும் நடந்தது. இவற்றையெல்லாம் மக்கள் கண்டு பழக 1938 இல் மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

சிறையில் பிறந்த நூல்

1942 ஆகஸ்டுப் போராட்டத்தையொட்டி மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று 1945 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல். காந்தியடிகள் முன்னுரை எழுதியதோடு, கிராமத் தொழில் டாக்டர் என்னும் பட்டத்தையும் அவருக்குத் தாமே அளித்து மகிழ்ந்தார்.

அந்நூலில் இயற்கையின் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு போன்றவை தேங்கிய கையிருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் நீர், வளரும் காடு, விளையும் பயிர் போன்றவை ஓடிவரும் வருமானம். அளவோடு எடுத்தால் ஆண்டுதோறும் வரும். வருமானத்தில் வாழும் குடும்பம் நிலைக்கும். முதலைத் தின்னும் குடும்பம் தெருவில் நிற்கும். குறையும் கையிருப்புக்காகத்தான் நாடுகள் போரிடுகின்றன என்பதும் அவர் முடிவு. நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று வேதியியல் வகுப்பில் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறோம். அதைக் குடும்பக் கணக்காக மாற்றிப் பார்க்கும் கண் அந்தத் தணிக்கையாளருக்கு இருந்தது.

வாழும் முறைகளையும் அவர் ஐந்தாக வகுத்தார். உயிரைக் கொன்று பிழைப்பது புலியின் முறை. உழைக்காமல் பறித்துத் தின்பது மாந்தோப்பில் குரங்கு செய்யும் முறை. தன் உழைப்பில் தான் வாழ்வது உழவன் முறை. கூட்டுக்காக உழைப்பது தேனீயின் முறை. கைம்மாறு கருதாமல் பிறர்க்கு வாழ்வது தாயின் முறை. மனித சமுதாயம் முதற்படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏறவேண்டும் என்பதே அவர் கண்ட கனவு.

நம் வீட்டுக் கேள்வி

மாணவத் தோழர்களே! இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். மண்பானையும் விறகடுப்பும் கேழ்வரகுக் கூழும் எங்கள் வீட்டில் கொள்கையாக இருக்கவில்லை. வேறு வழியில்லாமல் இருந்தன. ஊதுகுழலை ஊதி ஊதி அம்மாவின் கண்கள் சிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்த நாள் எங்களுக்குத் திருநாள். அப்படியிருக்க, எளிமைக்குத் திரும்புங்கள் என்று வசதியாகப் பிறந்த ஒருவர் சொன்னால், ஏழையை ஏழையாகவே இருக்கச் சொல்வது ஆகாதா?

குமரப்பாவின் வாழ்வைப் படித்தபோது இதற்கு விடை கிடைத்தது. அம்மாக்கள் புகையில் இருமட்டும் என்று அவர் சொல்லவில்லை. புகைபோக்கி வைத்த அடுப்பை ஆராய்ந்து செய்தார். கிராமம் இருட்டில் கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. அதற்கென விளக்கைச் செய்தார். 1949 இல் அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு அறிக்கை தந்தபோது, உழுபவனுக்கே நிலம் என்ற பக்கமே நின்றார். அவர் எதிர்த்தது வறியவனின் சுகத்தையன்று. ஒருவன் சுகத்துக்காகப் பலர் வாழ்வும் மண்ணும் அழிவதைத்தான். எனவே எரிவாயு அடுப்பு வந்ததற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

வறுமையைத் தூக்கி எறிந்தபோது அதனோடு சேர்த்து நல்லவற்றையும் எறிந்து விட்டோமே, அதற்குத்தான் வருந்த வேண்டும். கடைக்குக் கொண்டு போன துணிப்பையை எறிந்தோம். பாலித்தீன் பை குளத்தை அடைத்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. நம் பாட்டனார் தோளில் தொங்கிய பைக்கு ஓர் இயக்கம் தேவைப்பட்டது! கொல்லைப்புறத்துக் குப்பைக்குழியை மூடினோம்; எரு விலைக்கு வாங்குகிறோம். பாத்திரம் கழுவிய நீர் முன்பு வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ந்தது. இன்று தெருவில் தேங்கிக் கொசு வளர்க்கிறது. இவற்றை மீட்கப் பெரும் பணம் வேண்டுமா? மனம் போதும். ஆளில்லா அறையில் மின்விசிறியை நிறுத்துவது, விடுதியில் இலையில் சோறு மிஞ்சாமல் உண்பது, தாளின் இரு பக்கமும் எழுதுவது, அருகிலுள்ள ஊருக்கு மிதிவண்டியில் செல்வது ஆகியவையெல்லாம் முதலைத் தின்னாமல் வருமானத்தில் வாழும் குமரப்பாக் கணக்குகளே.

இறுதி நாட்கள்

விடுதலைக்குப் பின் நாடு பெருந்தொழில் வழியில் சென்றது. குமரப்பா தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பதவி நாடவும் இல்லை. டிராக்டர் உழும்; ஆனால் சாணம் போடாது, பெட்ரோலியம் கேட்கும் என்று அவர் வாதிட்டபோது, பழமைவாதி என்று நகைத்தவர்கள் உண்டு. திருமணம் செய்துகொள்ளாத அவர், உடல் நலம் குன்றிய நிலையில் 1950-களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சிறு குடிலில் வாழ்ந்தார். அங்கே ஓர் ஏழைக் கிராமவாசியின் படத்தை மாட்டி வைத்திருந்தார். தம் குரு காந்தியடிகள். அந்தக் குருவுக்கும் குரு இந்த ஏழை என்று காண வந்தவர்களிடம் விளக்குவாராம். 1960 ஜனவரி 30 ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னை அரசு பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

முடிவுரை

லண்டனும் நியூயார்க்கும் தந்த கல்வியை ஊர் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தவர் குமரப்பா. நமக்கோ ஊர் மண்தான் கல்வியைத் தந்தது. நெல் விற்ற காசும் ஆடு விற்ற காசும் நம் கட்டணமாயின. பட்டம் பெற்றபின் நாம் நகரத்துக்குப் போகலாம், உத்தியோகம் பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்தாலும், இன்று நாம் செலவழிப்பது நம் வருமானமா, நம் பேரப்பிள்ளைகளின் முதலா என்று நாள்தோறும் ஒரு கணம் கணக்குப் பார்ப்போமாக. அதுவே அந்தத் தஞ்சைக் கணக்கருக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடனாகும்.